ஒரு கிலோ தட்டுகள்

“காதுகிட்ட வெச்சி ஆட்டிப் பாரு ராணி. தட்டு கடகடன்னு ஆடுனா வேணாம்.”

என் மனைவி அமல்ராணி விழுப்புரத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் நின்றிருந்தாள். நான் திண்டிவனத்தில், எங்கள் வாடகை வீட்டின் முன்னறைக் கட்டிலில் கிடந்தபடி போன் திரையில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர்தான் போனைப் பிடித்திருந்தார். அவள் டம்பெல்லைக் காதருகே தூக்கி ஆட்டியபோது சேலை விலகி முழங்கை தெரிந்தது. அங்கே கன்றிப்போயிருந்த நீலம் இன்னும் வடியவில்லை. தட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“லேடீஸுக்குன்னா இந்த ரோஸ் கலரு எடுத்துக்கங்க மேடம். ரெண்டு கிலோ. கைக்கு நோவாது” என்றது கடைக்காரரின் குரல்.

பதினாறு வருடம் ஜிம் மாஸ்டராக இருந்தவன் நான். ரோஸ் கலர் வாங்கிப் போகிறவர்களை எனக்குத் தெரியும். மூன்றாம் மாதம் அது ஜன்னல் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

“அவரு சொல்றத கேக்காத. ராடு தனி, தட்டு தனி, நட்டு தனியா வர்றதுதான் வேணும். நீ மூணு கிலோல ஆரம்பிக்கணும், நான் பன்னெண்டு தூக்கணும். இந்த ரூம்ல ஒரு ஜோடிக்குத்தான் எடம் கீது. சிமெண்ட் அடைச்ச பிளாஸ்டிக் தட்டு வேணாம், இரும்பு எடு. ஒரு கிலோ தட்டு நாலு, அஞ்சு கிலோ தட்டு நாலு. நட்டு மரையில கடைசி வரைக்கும் போவுதான்னு...”

“செத்த சும்மா இருக்கீங்களா? தூக்கப்போறது நானு.”

போனை வைத்துவிட்டாள்.

பதினொரு மாதம் முன்பு பைபாஸில் பைக்கோடு சரிந்தேன். இடுப்புக்குக் கீழே எதுவும் என் பேச்சைக் கேட்பதில்லை. இப்போதும் எழுபத்தொரு கிலோ இருக்கிறேன். ஒரு நாளைக்கு நான்கு முறை ராணி என்னைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும். பிசியோதெரபிஸ்ட் முறை சொல்லிக் கொடுத்திருந்தார். என் பழைய ஜிம் பெல்ட்டை எனக்குக் கட்டி, அதைப் பிடித்து அவள் தூக்குவாள். அதே நொடியில் நான் கட்டிலில் கை ஊன்றி எழும்ப வேண்டும். ஒன்று, இரண்டு என்று நான் எண்ணுவேன், மூன்று என்னும்போது இருவரும் சேர்ந்து கிளம்ப வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை எனக்குப் புத்தி பழைய ஜிம்முக்குப் போய்விட்டது. அங்கே மூன்று என்று சொல்லி முடித்த பிறகுதான் எடை நகரும். பதினாறு வருடம் அப்படித்தான் எண்ணியிருக்கிறேன். அவள் மூன்றில் தூக்கினாள். நான் மூன்றுக்கு அப்புறம் எழும்பினேன். கண்ணிமைக்கிற நேரம்தான், ஆனால் அதற்குள் எழுபத்தொரு கிலோவும் அவள் ஒருத்தி கையில். இரண்டு பேரும் தரையில் கிடந்தோம். எனக்குப் புருவத்தில் நாலு தையல்.

விழுந்ததைக் கூட மறந்துவிடலாம். ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அண்ணன் போனில் பதறிக்கொண்டு கேட்டார். “அவ கைய வுட்டுட்டா” என்றேன். ராணி பக்கத்திலேயே நின்றிருந்தாள். மாத்திரைச் சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள், அவ்வளவுதான்.

அண்ணன் அன்றே முடிவெடுத்துவிட்டார். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து என்னை வளவனூரில் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார். ராணி கொஞ்ச நாள் அவள் அம்மா வீட்டில் இருக்கட்டும். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று யாரும் கேட்கவில்லை. ராணியும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, கஞ்சி கொடுக்கும்போது, “எனக்கு முதுகுலயும் கையிலயும் பலம் பத்தல. எந்த டம்பெல் வாங்கணும்னு சொல்லுங்க” என்றாள்.

அதிலிருந்து என் உயிர் அந்த டம்பெல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. ரோஸ் கலரோடு வந்தால் அவள் மனதுக்குள் பெட்டி கட்டிவிட்டாள் என்று பொருள். ஏற்றி இறக்குகிற செட்டோடு வந்தால் இருக்கப்போகிறாள். இப்படியெல்லாம் யோசிப்பது பைத்தியக்காரத்தனம்தான். மல்லாந்து கிடக்கிறவனுக்கு வேறு என்ன வேலை? எனக்குப் பயமாக இருந்தது.

பதினோரு மணிக்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பதினொன்றரைக்கு அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. பன்னிரண்டுக்கு வாசலில் வேன் நிற்கும் சத்தம் கேட்டது. வெளித் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு என் அண்ணன் அந்தோணி பிரபு உள்ளே வந்தார். அன்று வியாழக்கிழமை.

“வண்டி இன்னைக்குத்தான்டா கெடச்சிது” என்றார். பிறகு அடுப்படியை எட்டிப் பார்த்தார். “இன்னாடா, உன்ன இப்டி தனியா போட்டுட்டு எங்க போய்க்கீறா?”

“விழுப்புரம்.”

“எதுக்கு?”

“டம்பெல் வாங்க.”

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். “நல்லா கீது” என்றார்.

அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். வளவனூர் வீட்டு வாசற்படியை இடித்து எனக்காகச் சிமெண்ட் சரிவு போட்டிருந்தார், நேற்றுத்தான் காய்ந்ததாம். அதைச் சொல்லிக்கொண்டே கொடியிலிருந்து என் சட்டைகளை எடுத்து மடித்தார். சொல்ல வேண்டிய நேரம் இதுதான்.

“அண்ணே, அன்னைக்கு...”

“அன்னைக்கு இன்னா?”

புருவத் தையலைத் தொட்டுப் பார்த்தேன். “ஒண்ணுமில்ல. அவ வந்துடட்டும்.”

அவர் மூன்றாவது சட்டையை மடிக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ராணி தோளில் ஒரு சாக்குப் பையோடு வந்தாள். முகமெல்லாம் வேர்வை. அண்ணனைப் பார்த்து நின்றாள், சட்டைகளையும் பார்த்தாள். பிறகு பையைத் தரையில் இறக்கினாள். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், இரும்பு. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது, அதை மறைக்கப் பையைப் பிரிக்கச் சொன்னேன்.

இரண்டு ராடு, நான்கு நட்டு. தட்டுகள் எல்லாம் சின்னச் சின்னதாக இருந்தன. ஐந்து கிலோ ஒன்று கூட இல்லை. இருபது தட்டு, எல்லாமே ஒரு கிலோ.

“அஞ்சு கிலோ நாலு சொன்னேனே? இத மாட்டிக் கயட்டறதுக்குள்ள பொழுது போயிடும்.”

“அஞ்சஞ்சா என்னால ஏத்த முடியாதுங்க. ஒண்ணு ஒண்ணா ஏத்திக்கிறேன். மாசத்துக்கு ஒண்ணுன்னாலும் சரி. பொழுது போனா போவுது.”

இருபது கிலோவுக்கு மேல் அந்தக் கையோடு சுமந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

“ஏம்மா ராணி, உன் மேல எனக்குக் கோவம் இல்ல” என்றார் அண்ணன். “ஆனா இவன தூக்க ஆம்பள வேணும். டிரைவர கூப்புடுறேன்.”

“வண்டி வரைக்கும் போறதுன்னாலும் மொதல்ல வீல்சேர்ல ஏத்தணும் இல்லீங்களா மாமா? அத நான் பண்றேன்.”

“மறுபடி கைய வுட்டன்னா?”

ராணி ஆணியில் மாட்டியிருந்த பெல்ட்டை எடுத்து என்னை உட்கார்த்தி இடுப்பில் இறுக்கினாள். நாற்காலியின் பிரேக்கை ஒருமுறைக்கு இருமுறை அழுத்திப் பார்த்தாள். என் முட்டிகளுக்குத் தன் முட்டிகளால் முட்டுக் கொடுத்துக் குனிந்து பெல்ட்டைப் பிடித்தாள். அவள் கையில் இரும்பு வாடை அடித்தது. என் காதருகே, ஆனால் அண்ணனுக்கும் கேட்கும்படி, கேட்டாள்.

“மூணுலயா, மூணுக்கு அப்புறமா?”

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த ஆறு நாளும் தெரிந்தே கஞ்சி கொடுத்திருக்கிறாள்.

“இன்னா கேக்குறா?” என்றார் அண்ணன்.

“மூணுல” என்றேன். “அன்னைக்கு நாந்தான் மூணுக்கு அப்புறம் எழுந்தேன் அண்ணே. அவ கைய வுடல.”

அண்ணன் என் சட்டையைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார். ராணி அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

“இந்த வாட்டி நான் எண்ணுறேன்” என்றாள்.

நான் இரண்டு உள்ளங்கையையும் கட்டிலில் ஊன்றினேன். அந்த நீல முழங்கை என் கண்ணுக்கு நேராக இருந்தது.

“ஒண்ணு.”

பெல்ட்டின் தோல் முறுக்கிக்கொண்டு கிறீச்சிட்டது.

“ரெண்டு.”