வேனில் ஒட்டிய தேதி

எங்கள் அறவாரியத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதைக் கொடுத்தாலும் அதன் மேல் அவர் பெயரைப் போட்டுவிடுவோம். தமிழ்ப்பள்ளிக்கு வாங்கிய விசிறியானாலும் சரி, நடக்க முடியாதவருக்குக் கொடுத்த சக்கர நாற்காலியானாலும் சரி, பெயர் இருக்கும். எனக்கு இந்தப் பெயர் ஆசை பிடிக்காது. ஆனால் பெயர் போடாவிட்டால் மலாக்காவில் பாதிப் பேர் கையை மடக்கிக்கொள்வார்கள். செயலாளர் நாற்காலியில் பதினோரு வருடம் உட்கார்ந்தவள் சொல்கிறேன், இந்த அனுசியா சொன்னால் நம்பலாம்.

இந்த வருடம் சிறுநீரக நோயாளிகளை டயாலிசிஸ் சென்டருக்கு ஏற்றிப் போக ஒரு வேன் கேட்டிருந்தோம். பவானேஸ்வரி அக்கா முழு வேனையும் தனியாகவே வாங்கிக் கொடுத்தார். அவர் கணவர் மணியம் லாரி வைத்துத் தொழில் செய்தவர். அதே நோயில் போய்ச் சேர்ந்தவர். அக்கா கேட்டது ஒன்றுதான், வேனில் அவர் படமும் பெயரும் இருக்க வேண்டும். ஸ்டிக்கர் கடைக்காரன் மாதிரியை அனுப்பினான். பெயர் சரியா என்று மட்டும் பார்த்துவிட்டு நானும் ஓகே சொன்னேன். புத்தி எங்கே போயிருந்ததோ!

வேனின் இரண்டு பக்கமும் படம், அதைச் சுற்றி மாலை. மேலே 'அமரர் மணியம்'. கீழே 'தோற்றம் 1952', அதற்கும் கீழே மறைவு, நாள், மாதம், வருடம். பார்த்தால் அசல் சவ வண்டி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

செவ்வாய்க்கிழமை அந்த வேன் சுங்கை ஊடாங் பக்கம் ஒரு தோட்டத்துக்கு, நோயாளி சிவசாமி அண்ணன் வீட்டுக்கு முதல் தடவையாகப் போனது. அதுவரை மகனின் மோட்டார் சைக்கிளில்தான் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். போன சனிக்கிழமை திரும்பும் வழியில் கிளேபாங்கில் தலைசுற்றி விழுந்ததில் அதுவும் நின்றுபோனது. வாசலில் வேனைப் பார்த்த எதிர்வீட்டுப் பெண், ஓடிவந்து அவர் மனைவி வேலாயியைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியே வைத்துவிட்டாளாம். உள்ளே அண்ணன் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வேலாயி வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு, வாசலெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்.

வியாழனும் ஏறவில்லை. சனிக்கிழமையும் வராவிட்டால் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று சென்டர் நர்ஸ் போனில் சொன்னார். ஸ்டிக்கரைக் கிழித்துவிடலாம் என்றால், ஐந்து வருடம் கை வைக்க மாட்டோம் என்று அக்காவிடம் நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

வெள்ளி மாலை அக்கா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"என் புருஷன் மொகம் அவங்களுக்குச் சவமா தெரியுதா?" என்றார். "மூணு வருஷம் மத்தவங்க வண்டிக்கு வாசல்ல காத்துக் கெடந்தாரு அனுசியா. இன்னொருத்தர் அப்படிக் காத்திருக்கக் கூடாதுன்னுதானே கொடுத்தேன்."

"நீங்களே ஒரு தடவ வந்து பாருங்கக்கா. அப்புறம் நீங்க சொல்றதுதான்லா."

சனிக்கிழமை காலை அக்காவை என் காரில் அழைத்துப் போனேன். வேன் எங்களுக்கு முன்னால் போனது. அது தோட்டத்துக்குள் திரும்பியதும் ஒரு வீட்டில் ரேடியோவை நிறுத்தினார்கள். பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். அக்கா எல்லாவற்றையும் பார்த்தார்.

சிவசாமி அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். கால் இரண்டும் வீங்கி, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அக்காவின் கண் அந்தக் கால்களிலேயே நின்றது.

"ஒங்களக் கொற சொல்லலம்மா," என்றார் அண்ணன். "அந்தத் தேதியப் பாத்தா, அடுத்தது என் தேதிதான்னு மனசு அடிச்சிக்குது."

அக்கா முந்தானையை இடுப்பில் செருகினார். பிறகு வேலாயியிடம், "சுடுதண்ணி இருக்காம்மா? ஒரு கத்தியும் குடுங்க," என்றார்.

வேலாயி பிளாஸ்கில் இருந்து ஊற்ற ஊற்ற, அக்கா நகத்தாலும் கத்தியாலும் சுரண்டினார். முதலில் 'அமரர்' போனது. பிறகு மாலை. மறைவு வரி நாடா மாதிரி முழுசாக உரிந்து வந்தது. மறுபக்கமும் அப்படியே செய்தார். கடைசியாகக் கத்தி படத்தின் ஓரத்துக்கு வந்து நின்றது.

"படம் இருக்கட்டும்மா. மனுஷன் நல்லாத்தான் சிரிக்கிறாரு," என்றார் சிவசாமி அண்ணன். மனைவியின் தோளைப் பிடித்து எழுந்து வேன் அருகே வந்தார். "அம்பத்தி ரெண்டா? எனக்கு ரெண்டு வயசு மூத்தவரு." படத்தின் மேல் லேசாகத் தட்டினார். "போவமா அண்ணே?"

ஏறி உட்கார்ந்துவிட்டார்.

வேன் ரோட்டுக்குப் போகும்வரை அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். வேனில் இப்போது மணியம் அண்ணன் படமும் பெயரும் பிறந்த வருடமும் மட்டும் இருந்தன. உரித்த தேதிகள் அக்காவின் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தன. குப்பையில் போட நான் பிளாஸ்டிக் பையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. இரண்டையும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஊருக்கு எதுக்கு இந்தத் தேதி?" என்றார். "எனக்கு மட்டும் இருக்கட்டும்."