சூதானம்

தாரணி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் மாமியார் சூடாமணி, விருதுநகரில் இருக்கும் தங்கையுடன் போனில். தி.நகருக்கு வந்து துணிக்கடை வைத்து எத்தனையோ காலமாகியும் அந்த அம்மாளின் தொண்டை மட்டும் ஊரிலேயே இருந்தது. அவள் பேசுகிற சத்தத்துக்கு நடுவில் போன் எதற்கு என்று தோன்றும்.

“எம் மருமகளா? ரொம்பச் சூதானமான புள்ள. அது தெரிஞ்சுதான...”

தெருவில் போன ஆட்டோ மிச்சத்தை விழுங்கிவிட்டது. தாரணியின் கை அப்படியே நின்றது.

சூதா? “சூது வாது தெரியாத பொண்ணுங்க” என்று சொல்லித்தான் ராயப்பேட்டையில் அவள் அம்மா அவளைக் கட்டிக்கொடுத்தாள். அப்படியானால் தெரிந்துவிட்டது. பாலவாக்கத்தில் வீடு பார்த்திருப்பது அத்தைக்குத் தெரிந்துவிட்டது. “நேரம் பாத்து அம்மாட்ட நான் சொல்றேன், நீ வாயத் தொறக்காத” என்று கணவன் ஆனந்தகுமார் நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தான். மாமனார் போன பிறகு அத்தைக்கு இருப்பது அந்த ஒரே பிள்ளை. தனியே விட்டுவிட்டுப் போகிறோமே என்று தாரணிக்கும் உறுத்தல்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், இவளுக்குப் படபடவென்று அடித்துக்கொண்டது.

எழுந்து கூடத்துக்குப் போனாள்.

“அத்தே, நான் ஒண்ணும் சூது பண்ணல. பாலவாக்கத்துல வீடு பாத்தது உங்க புள்ளதான். ஆடி முடிஞ்சதும் தனியா பூடலாம்னு அவருதான் சொன்னாரு. மறைச்சது தப்புதான். அதுக்குன்னு ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லணுமா?”

சூடாமணி வாயைத் திறந்தாள். காதிலிருந்த போன் தானாக மடியில் இறங்கியது. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் தாரணிக்கு உறைத்தது, அத்தைக்கு எதுவுமே தெரியாது.

“ஐயோ” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன செய்ய?

“சூதானம்னா...” சூடாமணியின் சத்தம் இறங்கியிருந்தது. “ஏமாறாம, நாலும் பாத்துக் கவனமா நடந்துக்கிறது தாயி. எங்க ஊர்ல அது நல்ல வார்த்தை.”

மடியைப் பார்த்தபடி, “எனக்குத்தான் அது இல்லாமப் போச்சு” என்றாள்.

தாரணிக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டீப்பாயைப் பார்த்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு முழம் மல்லி, நடுவில் இதுவரை அத்தையின் இடுப்பை விட்டு இறங்காத பீரோச் சாவிக்கொத்து.

மடியில் கிடந்த போனில் தங்கையின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

“யக்கா... யக்கா... லைன்ல இருக்கியா?”