இருபத்து மூன்று இடங்களில் ஒரு பெயர்

எங்கள் நாட்டில் தமிழ்ப் படம் எடுக்கிற எல்லோருக்கும் வேறு ஒரு வேலை இருக்கும். இயக்குநர் மோகனராஜ் கண்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் இருக்கிறார். ஒலிப்பதிவு செய்யும் அஸ்ஃபருக்கு மடவளையில் கல்யாண வீடியோ தொழில். நான் விஞ்ஞான டீச்சர். இங்கே தமிழ் சினிமா வளருமா என்று யாராவது கேட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் வளரும் என்று சொல்வேன்.

நான் இதுவரை ஐந்து கதாநாயகிகளுக்குக் குரல் கொடுத்திருக்கிறேன். அந்த ஐந்து படங்களில் மூன்று தியேட்டர் வாசலைக்கூடப் பார்க்கவில்லை. அதனால் மோகனராஜ் போன் பண்ணி, "சர்மிளா, இந்தத் தடவை தியேட்டர் கிடைச்சிருச்சு" என்றபோது, கையிலிருந்த பரீட்சைத் தாள்களை அப்படியே போட்டுவிட்டேன்.

தியேட்டர்காரர் ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், காலை பத்தரைக் காட்சி தருவதாகச் சொல்லியிருந்தார். மற்றக் காட்சிகளெல்லாம் சென்னையிலிருந்து வந்த பெரிய படத்துக்கு. பத்தரைக்கு எந்த மனிதர் படம் பார்க்க வருவார் என்று கேட்கக் கூடாது. கொடுத்ததே பெரிது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். தாயாக நடித்த அம்மாவின் பேச்சு சுத்தமில்லையாம், சென்னைப் படங்களில் பேசுகிற மாதிரிப் பேச வைக்க வேண்டுமாம்.

"அந்தக் குரல் நீங்கதான்" என்றார் மோகனராஜ். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பதில் பிரயோசனமில்லை.

அந்தத் தாய் பேச்சியம்மா. கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர். படப்பிடிப்புக்குத் தேநீர் கொண்டுவந்தவரை மோகனராஜ் அப்படியே பிடித்து நடிக்க வைத்துவிட்டார். படத்தில் அவருடைய மகன் பிரபா செத்துப்போவான். பெட்டியைச் சுற்றிப் பெண்கள் மாரடித்து அழ, நடுவில் பேச்சியம்மா ஒப்பாரி வைக்க வேண்டும். எழுதிக்கொடுத்த வசனத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, "உங்க வீட்டுல எழவு விழுந்தா எப்படி அழுவீங்களோ அப்படியே அழுங்கம்மா" என்று சொல்லியிருக்கிறார் மோகனராஜ். அவரும் அழுதார். கெமராவைப் பிடித்தவன்கூட அழுதானாம். யாரும் ஒன்றைக் கவனிக்கவில்லை.

மடவளையில், அஸ்ஃபரின் ஸ்டூடியோவில் அந்தக் காட்சியைப் பார்க்கும்போது நான்தான் கவனித்தேன்.

"இவங்க பிரபான்னு சொல்லலையே. சிவான்னு அழுறாங்க."

அஸ்ஃபர் மறுபடி ஓட்டினான். "என் ராசா சிவா, ஏறி வந்த பஸ்ஸு இருக்க, எறக்கி விட்ட ஆளிருக்க, நீ மட்டும் எங்கடா..." இரண்டு தடவை சிவா. அதுவும் முகத்துக்குக் கிட்ட வைத்து எடுத்தது.

மோகனராஜ் தலையில் கை வைத்தார். "அவங்க மகன். கொழும்புல ஹோட்டல்ல வேலை செஞ்சவன். நாலு வருஷத்துக்கு முன்னால காய்ச்சல்ல போயிட்டான்." பிறகு, "எப்படியும் குரலை மாத்தத்தானே போறோம், சரியாப் போச்சு" என்றார்.

நான் மைக்குக்கு முன்னால் நின்றேன். ஏழு தடவை அழுதேன். ஏழாவது தடவை, பெயர் வரும் இரண்டு இடங்களைத் தவிர, உதடும் குரலும் பிசகாமல் பொருந்தின.

"நல்லா ஈக்கி அக்கா" என்றான் அஸ்ஃபர், என் முகத்தைப் பார்க்காமல்.

நல்லாத்தான் இருந்தது. அடுத்த வீட்டுச் சாவுக்குப் போய்வந்தவள் மாதிரி இருந்தது. எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தை மோகனராஜ்மேல் காட்டினேன். "அவங்களையே கூட்டிட்டு வாங்க. பேரை மட்டும் மாத்தி அழட்டும்" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மா வந்தார். நல்ல சேலை, கையில் ஒரு பை மரக்கறி. விஷயத்தைச் சொல்லாமல் காட்சியை மட்டும் ஓட்டினோம். தன் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததும் கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

"ஐயோ தம்பி, பெரிய தப்புப் பண்ணிட்டேனே. ஒங்க படத்தையே கெடுத்துட்டேனே."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. பிரபான்னு ஒரு தடவை அழுதுருங்க, போதும்."

அவர் முயன்றார், பாவம். தொண்டையைச் செருமினார், மார்பில் கை வைத்தார். பிரபா என்றார். பள்ளிக்கூடத்தில் நான் பெயர் கூப்பிடுகிற மாதிரி வந்தது. மூன்றாவது தடவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தெரியாத புள்ளைக்கு எப்புடி டீச்சர் அழுறது? நீங்களே அழுதுருங்க. ஒங்களுக்குப் பழக்கம்தானே."

அதை அவர் குத்திச் சொல்லவில்லை. எனக்குத்தான் குத்தியது. பிறகு, போவதற்கு முன்னால் அந்தத் துண்டை இன்னொரு தடவை போட்டுக் காட்ட முடியுமா என்று அஸ்ஃபரிடம் கேட்டார். இரண்டு தடவை போட்டுக் காட்டினான்.

"மோகன், அவங்களை மாத்த வேணாம். பிரபாவை மாத்துவோம். படத்துல எல்லாரும் அவனை சிவான்னு கூப்பிடட்டும்" என்றேன்.

"வெளையாடுறீங்களா? தியேட்டர்காரர் என்ன சொல்வாரு?"

"அவரு என்ன வேணும்னாலும் சொல்லட்டும். முதல்ல அம்மாவைக் கேளுங்க."

கேட்டோம். பேச்சியம்மா நிறைய நேரம் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். "அவன் பேரை யாரும் கேலி பண்ண மாட்டாங்களே?" என்று மட்டும் கேட்டார். மாட்டார்கள் என்று மோகனராஜ் சொன்னார்.

எண்ணிப் பார்த்தோம். பிரபா என்ற பெயர் இருபத்து மூன்று இடங்களில் வந்தது. பதினான்கு இடங்களில் பேசுகிறவர் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார், அல்லது தூரத்தில் நின்றார். மீதி ஒன்பதுதான் வில்லங்கம். "பிரபாவுக்கு உதடு மூடும், சிவாவுக்கு மூடாதே, ஏலாது அக்கா" என்று அஸ்ஃபர் முனகினான். முனகிக்கொண்டே செய்தான். மூன்று இடத்தில் கேட்பவன் முகத்தைப் போட்டான், இரண்டு இடத்தில் பெயருக்கு மேல் பஸ் ஹோர்னை அடித்தான், மீதி நாலில் உதடு பிசகினது பிசகினதுதான். நடிகர்கள் ஒவ்வொருவராக லீவு கிடைத்த நாளில் வந்து சிவா, சிவா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பேச்சியம்மாவின் குரலில் நாங்கள் கை வைக்கவில்லை.

தியேட்டர்காரர் பார்த்துவிட்டு, அம்மாவின் பேச்சு மாறவில்லையே என்று முகத்தைச் சுளித்தார். ஒரு கிழமை மூன்று நாளாகச் சுருங்கியது. வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்.

முதல் நாள் பெரிய மண்டபத்தில் அறுபத்தைந்து பேர் இருந்தோம். அதில் முப்பது பேர் லீவு போட்டுவிட்டு ஒரே பஸ்ஸில் வந்த கலஹாப் பெண்கள். பேச்சியம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரையில் கூட்டாளி ஒருவன் மலைச்சரிவில் நின்று, "டேய் சிவா, வாடா!" என்று கத்தினான். அவர் என் கையைப் பிடித்தார். பிறகு காதலி கூப்பிட்டாள். கங்காணி கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் பிடி இறுகியது. ஒப்பாரி வந்தபோது அந்த முப்பது பெண்களும் திரையோடு சேர்ந்து அழுதார்கள். தன் அழுகையைக் கேட்டுக்கொண்டு பேச்சியம்மா மட்டும் அழாமல் இருந்தார். நான் அழுதேன். அந்த அழுகையைப் பதிவு செய்ய அங்கே யாரும் இருக்கவில்லை.

விளக்குப் போட்டார்கள். அடுத்த காட்சிக்கான கூட்டம் வெளியே கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

"நாலு வருசமா அவன் பேரை நான் மட்டும்தான் டீச்சர் சொல்லிக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு எத்தன பேரு கூப்புட்டாங்க!" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நாளைக்கும் கூப்புடுவாங்களா?"

"நாளைக்கும் கூப்பிடுவாங்கம்மா. ஞாயிற்றுக்கிழமையும்."

"திங்கக்கெழம?"

நான் அவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, தியேட்டர்காரரின் அறைக்குப் போனேன்.