இரண்டு சகோதரிகளும் முளைக்கக் கூடாத பூசணி விதையும்

1

இந்தக் கதை எனக்குச் சுங்க அலுவலகத்து வரிசையில் கிடைத்தது. நான் போனது வேறு வேலையாக. மைத்துனர் கடல்தாண்டி அனுப்பிய பொட்டலத்தில் ஒற்றைச் செருப்பு மட்டும் வந்திருந்தது. (அது தனிக் கதை. சோகக் கதை. இங்கே வேண்டாம்.) எனக்கு முன்னால் நின்ற பெண், கண்ணாடியின் ஓட்டை வழியாகக் கையை நீட்டிக் கத்தினாள்: "வாயில போட்டுப் பாருங்க சார்!"

உள்ளங்கையில் நாலைந்து பூசணி விதைகள். அதிகாரி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் என்னை அடுத்த கவுன்ட்டருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் வாயில் போட்டாரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "கடல் அன்று ஏனோ அமைதியாக

அடித்துவிட்டேன். இந்தக் கதையில் யாரும் கடலைப் பார்க்கப் போவதில்லை.

இரண்டாவது தொடக்கம்: "அந்த அதிகாரிக்குக் கழுகுக் கண்கள். எதிரே நிற்பவரின் பையைத்தான் முதலில்

இதுவும் சரிப்படவில்லை. நான் பார்த்த மனிதரின் சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. பூதக்கண்ணாடியைச் சுமந்து திரிகிறவர் வில்லனாவதற்குக் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். அலுவலகத்தில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். ஒரு கையெழுத்துக்கு மூன்று முறை பேனாவைத் திறந்து மூடுவார். கெட்டவர் இல்லை. தப்பாகப் போய்விடுமோ என்ற பயம்.

3

அக்காவும் தங்கையும் பூசணி விதையை வறுத்து உப்புப் போட்டு விற்கக் கிளம்பியவர்கள். வறுக்கிற இயந்திரம் வாங்கி வாடகை அறையில் நிறுத்தியாயிற்று. வறுக்கத்தான் ஒன்றுமில்லை. வரவழைத்த முதல் சரக்கு துறைமுகக் கிடங்கில் உட்கார்ந்திருந்தது.

சிக்கல் இதுதான். சுங்கத்தில் எந்தப் பண்டத்துக்கும் ஓர் எண் உண்டு. தின்கிற விதைக்கு ஓர் எண், விதைக்கிற விதைக்கு வேறு எண். விதைக்க என்றால் பயிர்நோய்த் துறையின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். சகோதரிகளிடம் அது இல்லை. எண் மாறினால் சரக்கு வந்த வழியே திரும்பிவிடும். அனுப்பியவரோ தாளில் 'பூசணி விதை' என்று மட்டும் எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.*

"ஊறவச்சுப் பார்த்துடுவோம்மா," என்றார் நிதானம். "முளைச்சா விதைக்கறதுக்கு. முளைக்கலைன்னா திங்கறதுக்கு."

"முளைக்கக் கூடாதுன்னு வேண்டிக்கடி," என்றாள் அக்கா, படியிறங்கும்போது.

"உலகத்துலயே இப்படி வேண்டிக்கறது நாம ரெண்டு பேராத்தான் இருக்கும்க்கா," என்றாள் தங்கை.

* வறுத்தே வந்திருந்தால் அது மூன்றாவது எண். அந்தப் பக்கம் போனால் நாம் திரும்பி வர முடியாது.

4

கேன்டீன் அம்மாவிடம் ஒரு தட்டு இரவல் வாங்கி, ஈரப் பஞ்சு பரப்பி, கிடங்கிலிருந்து மாதிரிக்கு எடுத்த விதைகளைப் போட்டு ஜன்னலோரம் வைத்தார் நிதானம். காலையில் வந்ததும் தண்ணீர் தெளித்தார். மத்தியானம் பூதக்கண்ணாடியால் பார்த்தார். இரண்டு நாள் கழித்து அடுத்த மேசைக்காரரும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

[இங்கே நிதானத்தின் இளமைப் பருவத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. கதைக்கு அது உதவவில்லை. எடுத்துவிட்டேன்.]

அடுத்த வாரம் சகோதரிகள் வந்தபோது ஜன்னலைச் சுற்றிக் கூட்டம். விதை ஒன்று விடாமல் முளைத்திருந்தது. தொப்பி கழற்றாத பிள்ளைகள் மாதிரி, முளைகள் விதைத்தோட்டை இலைநுனியில் மாட்டிக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்துச் சாய்ந்து நின்றன. நிதானத்தின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"பாருங்கம்மா! விளையும் பயிர் முளையிலேயே தெரியும்னு சும்மாவா சொன்னாங்க!" சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இது விளைய வரல சார், வறுபட வந்தது," என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது.

தங்கைக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "எங்க வீட்டு மூலையில கிடக்கற உருளைக்கிழங்கும்தான் சார் முளைக்குது. வெங்காயம் முளைக்குது. அதையெல்லாம் வயலுக்கா வாங்கினோம்? விதைக்கறதுன்னா மருந்து தடவி, என்ன ரகம்னு எழுதி வரும். இது தீனி!" மாதிரிக்கு எடுத்ததில் மிஞ்சிய நாலைந்து விதைகளைப் பையிலிருந்து அள்ளி, கண்ணாடி ஓட்டை வழியாக நீட்டினாள். "வாயில போட்டுப் பாருங்க சார்!"

நான் வரிசையில் நின்றது இந்த இடத்தில்தான்.

5

நிதானம் பூதக்கண்ணாடியை எடுத்தார். மருந்துப் பூச்சு இல்லை. கிடங்கிலிருந்து வந்த படங்களைப் பார்த்தார். உணவுப் பண்டம் கட்டும் சாக்கு. ரகத்தின் பெயர் எங்கும் இல்லை. பிறகு ஒரு விதையை எடுத்து, முன்பல்லால் தோட்டை உடைத்து, பருப்பை மென்றார். இன்னொன்று. அப்புறம் இரண்டு.

(அதிகாரி மாதிரிச் சரக்கைத் தின்னலாமா என்று கேட்பவர்கள் அடுத்த கவுன்ட்டருக்குச் செல்லவும்.)

"உருளைக்கிழங்கு எனக்குத் தோணவே இல்லையே," என்றவர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடுத்த மேசைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். சிரிப்பு அடங்குவதற்குள் பேனாவை ஒரே தடவை திறந்து, 'உண்பதற்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள். பிறகு எல்லார் முன்னிலையிலும் தங்கையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

6

இங்கேயே நிறுத்தலாம். ஆனால் தட்டு இன்னும் ஜன்னலில் இருக்கிறதே. சோதித்த மாதிரியை அழித்துவிட வேண்டும் என்பது விதி. வெளியே கொண்டுபோய் மண்ணில் ஊன்றக் கூடாது.

முடிவு அ: அவர் அவற்றைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, ஜன்னல் பக்கமே பார்க்காமல் (எழுதப் பார்த்தேன். கை வரவில்லை.)

முடிவு ஆ: ஓய்வு பெற்றதும் சகோதரிகளின் கடையிலேயே அவர் (சினிமா.)

முடிவு இ: "அழிக்கணும்னுதானே சார் போட்டிருக்கு? எப்படின்னு போடலையே," என்றாள் தங்கை.

நிதானம் விதியை நிதானமாகப் படித்துப் பார்த்தார். போடவில்லைதான். கேன்டீன் அம்மா முளைகளை அலசி, வேரைக் கிள்ளி, உப்புத் தூவி அதே தட்டில் கொண்டுவந்தாள். ஆளுக்கொன்று எடுத்தார்கள். லேசான கசப்பு. அடுத்த மேசைக்காரர் மட்டும் இரண்டு எடுத்தார்.

இப்போது தட்டில் ஒன்றுதான் மிச்சம். எல்லோரும் நாகரிகமாக அதைப் பார்க்காத மாதிரி நிற்கிறார்கள். நான் தொட மாட்டேன்; எழுதுகிறவன் கதைக்குள் கைநீட்டினால் நன்றாக இருக்காது. இவ்வளவு நேரம் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்களே, உள்ளே வாருங்கள். உப்பு போதவில்லை என்றால் தங்கையிடம் கேளுங்கள்.