ஒடித்த முட்கள்

ஆய்வகத்தில் தம்பி என் மேஜைமேல் வைத்த முள்ளுச் சங்கு மொட்டையாக இருந்தது.

"ஏன்டா, இதுக்கு முடி வெட்டிக் கூட்டிட்டு வந்தியா?"

"வலையில மாட்டுதுக்கா. கையைக் கிழிக்குது. குறடால ஒடிச்சுட்டுதான் மறுவேலை."

சிப்பி வளர்ப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் ஆய்வகத்துக்குக் கொண்டுவரும் சங்கை யாரும் ஒடிப்பதில்லை.

கூடவே ஒரு பை நிறையச் சிப்பி ஓடுகள். ஒவ்வொன்றிலும் ஊசி குத்தியதுபோல் ஒரு துளை. அதன் வழியாகத்தான் இந்தச் சங்குக்குள் இருக்கும் நத்தை சிப்பியின் சதையைத் தின்னும். உள்ளூர் இனமென்றால் கையால் பொறுக்கி எறிந்தால் போதும். கப்பல்களோடு வந்து சேர்ந்த இனமென்றால் பொறுக்கி மாளாது. பண்ணையையே காலி செய்ய வேண்டும் என்பது விதி. எந்த இனம் என்று நான் எழுதிக் கொடுத்தால்தான் அறுவடைக்கு அனுமதி. அறுவடைக்கு ஐந்து வாரம் இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று நான்கு வருடமாக அவன் கட்டிய சிப்பிக் கயிறுகள்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது முட்கள்தான். ஓட்டிலுள்ள ஒவ்வொரு மேட்டிலும் உள்ளூர் சங்குக்கு மூன்று முள், கப்பலோடு வந்ததற்கு ஐந்து.

"முள்ளே இல்லாம எப்படிக்கா கண்டுபிடிப்ப?"

கேள்வி மாதிரி இல்லை, கெஞ்சுவது மாதிரி இருந்தது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஒடித்திருக்கிறான். உள்ளூர் சங்கு ஒன்றாவது கிடைத்திருந்தால் அதையல்லவா கொண்டுவந்திருப்பான்.

முள் போனாலும் அடிக்கட்டை போகாது என்பது அவனுக்குத் தெரியவில்லை. மேட்டின்மேல் விரலை ஓட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இருபது வருடப் பழக்கம். விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. நான்கு. ஐந்து.

"நீ மூணுன்னு சொன்னா நான் நம்பிடுவேன்கா."

மூன்று என்று எழுதினால் நத்தைகள் படித்துப் பார்த்துவிட்டா திரும்பிப் போகும்? பக்கத்துப் பண்ணைக்கும் போகும். சங்கை அவன் பக்கம் தள்ளினேன்.

"நீயே தொட்டுப் பாரு."

இரண்டு கைகளையும் மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"என் கையெல்லாம் காய்ப்பு. ஒண்ணும் தெரியாது."

நான் ஐந்து என்று எழுதி முடிக்கும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுதிட்டியா?"

"ம்."

தலையாட்டினான். பிறகு, எதற்கென்று தெரியாமல், துளை விழுந்த ஓடுகளை ஒவ்வொன்றாகப் பையில் திரும்பப் போட ஆரம்பித்தான். செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் நானும் கூடப் போட்டேன்.