மீன்சந்தைச் சுவரில் பெர்னடெட்

பருத்தித்துறைப் பட்டினத்தில் யாருடைய முகத்தையாவது சுவரில் பெரிதாகக் கண்டால், ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். கண்ணீர் அஞ்சலி நோட்டீசுக்கு அல்லாமல் வேறு எதற்கு இங்கே ஒரு மனுசரின் முகத்தைச் சுவரில் போடுகிறார்கள்? தேர்தலுக்குப் போடுவார்கள்தான். ஆனால் பெர்னடெட் தேர்தலில் நிற்கவில்லை. சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள்.

அவளுடைய முகத்தை மீன்சந்தையின் வெளிச்சுவரில், ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே, வரைந்தவள் கஜந்தினி. உடுப்பிட்டிப் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் சித்திர ரீச்சர். கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு பட்டினத்தில் பாழாய்க் கிடந்த சுவர்களுக்கெல்லாம் படம் போட்டு, சனிக்கிழமை காலைகளில் வெளியூர்ச் சனத்தை நடத்திக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிறவள். நல்ல பிள்ளை. அவளில் ஒரு பிழையும் இல்லை. பிழை முழுக்க பெர்னடெட்டில்தான்.

"ஒரு மணித்தியாலம் இதிலை இருங்கோ அன்ரி, பாத்துக் கீறுறன்" என்று பிள்ளை கேட்டபோது, மீனை வைத்துக்கொண்டு யார் ஒரு மணித்தியாலம் சிலைபோல இருப்பது? "என்னட்டை ஒரு வடிவான படம் கிடக்கு, அதைப் பாத்துக் கீறு" என்று வீட்டிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தாள். அது ஸ்ரூடியோவில் சொல்லி எடுப்பித்த படம். எதற்கு? தன்னுடைய பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பதற்கு. செத்த பிறகு பிள்ளைகள் ஏதாவது கலியாணப் படத்தில் இருந்து தலையை மட்டும் வெட்டி எடுப்பார்கள், பக்கத்தில் நிற்கிறவரின் தோள்மூட்டும் சேர்ந்து வரும், அந்தச் சீர்கேடு தனக்கு வேண்டாம் என்று பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு போய் எடுத்து வைத்திருந்தாள். பின்னால் நீலம், நேரே பார்த்த கண், அளவான சிரிப்பு. கஜந்தினிக்கு இது எங்கே தெரியும்? அச்சொட்டாக அப்படியே கீறிவிட்டாள்.

நல்லாய்த்தான் இருந்தது. அதுதான் வினையாய்ப் போயிற்று. படம் முடிந்த கிழமையே சுவருக்குக் கீழே யாரோ மெழுகுதிரி கொளுத்தினார்கள். லண்டனில் இருந்து விடுமுறைக்கு வந்த யாரோ அதைப் படம்பிடித்துப் பேஸ்புக்கில் போட, கீழே ஒரு பட்டாளம் 'ஆத்மா சாந்தியடையட்டும்' என்று எழுதிற்று. கனடாவில் இருந்து மச்சாள் மார்கிரட் குழறிக்கொண்டு ரெலிபோன் எடுத்தாள். இந்தப் பக்கம் 'ஹலோ' சொன்னதே பெர்னடெட் என்று தெரிந்ததும் பட்டென்று வைத்துவிட்டாள். பாரிசில் ஒரு பெறாமகன் அவளுடைய ஆத்துமாவுக்குப் பூசையே ஒப்புக்கொடுத்துவிட்டான். முதலில் இதெல்லாம் அவளுக்குப் பகிடியாகத்தான் இருந்தது. "என்ரை செத்தவீட்டை நானே பாத்திட்டன்" என்று பாரை மீனை வெட்டிக்கொண்டே சந்தை முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

சிரிப்பு நின்றது எப்போதென்றால், யார் யார் அழுதார்கள் என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தபோது. எல்லாரும் அழுதிருந்தார்கள். தம்பி கிறகோரியிடமிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. கடல் கடந்தா இருக்கிறான்? இந்தா கிடக்கிற குருநகர். தன் மகளின் கலியாணத்துக்கு நேரே வந்து சொல்லாமல், கூடப்பிறந்த அக்காவுக்கு மச்சான்காரன் கையில் அழைப்புக் காட் கொடுத்துவிட்டவன் அவன். அன்றைக்கு முறிந்த கதைபேச்சு, அந்த மகளின் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற காலம் வந்தும் ஒட்டவில்லை. கோபம் கோபமாகவே இருக்கட்டும், ஆனால் சாவுக்கு வருவான் என்று பெர்னடெட் உள்ளுக்குள் நம்பியிருந்தாள். இப்போது அந்த நம்பிக்கையும் போயிற்று. ஒவ்வொரு நாளும் சந்தைக்கு வரும்போது சுவரில் தன் முகம் அதைத்தான் சொல்லிக்காட்டியது.

கஜந்தினியிடம் போய்ச் சொன்னாள். "அழிச்சுவிடு பிள்ளை."

பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது. "சனம் கதைக்கிறதுக்காகவோ அன்ரி?"

"சனம் கதைச்சால் எனக்கென்ன? நான் செத்துப் பாத்திட்டன். உவன் வரேல்லை. அதை நெடுகப் பாத்துக்கொண்டு என்னாலை மீன் விக்கேலாது."

கஜந்தினி தர்க்கம் பண்ணவில்லை. "சனிக்கிழமை என்னோடை ஒருக்கா நடந்து எல்லாச் சுவரையும் பாருங்கோ. பிறகும் அழி எண்டால், நானே வெள்ளை அடிக்கிறன்" என்றாள். அப்படிக் கேட்கிற பிள்ளைக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை பெர்னடெட் மீனை மருமகளிடம் விட்டுவிட்டு, குடையோடு பஸ் நிலையத்துக்கு வந்தாள். கொழும்பில் இருந்து வந்த கம்பஸ் பிள்ளைகள் கொஞ்சப்பேர், கனடாக் குடும்பம் ஒன்று, பிறகு இவள். சுவரில் இருக்கிற ஆளே கூட வருகிறார் என்று யாருக்கும் தெரியாது.

முதல் சுவர் அங்கேயே இருந்தது. பஸ் நிலையத்தின் பக்கச்சுவர் நீளத்துக்கு ஒரு பஸ். யன்னலுக்கு யன்னல் ஆட்கள். காசுத்தாள்களை விரலிடுக்கில் மடித்துச் செருகிய கொண்டக்டர், நித்திரையில் கண்ணாடியில் தலை மோதுகிற பெடியன், மடியில் கோழியோடு ஒரு கிழவர். முன் சீற்றில், யன்னலோரமாக, மீன் கடகத்தோடு ஒரு மனுசி காற்று வாங்கிக்கொண்டு இருந்தாள். நாற்றம் என்று மீன்காரிகளைப் பின்படியில் நிற்கவிடுகிற பஸ்களில் வாழ்நாள் முழுக்கப் போன பெர்னடெட், அந்த மனுசியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆர் இவ?"

"ஒருத்தருமில்லை அன்ரி. அதிலை ஒராள் இருக்கவேணும் எண்டு பட்டுது."

"நல்லாய்ப் பட்டிருக்கு" என்றாள் பெர்னடெட். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது லேசில்லை.

அடுத்தது இரும்புக்கடைப் பக்கத்து மதில். அதில் சின்ன வெங்காயம், பிடிபிடியாகக் கட்டி, மதில் முழுக்கத் தொங்கியது. சருகு உரிந்து உள்ளே ஊதாநிறம் மினுங்குகிறது வரைக்கும் போட்டிருந்தாள் பாவி. தெருவால் வந்த ஆடு ஒன்று நின்று, முகர்ந்து, மதிலை ஒருதரம் நக்கிப் பார்த்துவிட்டு, ஏமாந்த கோபத்தில் கனடாக்காரரின் பையைப் பிடித்து இழுத்தது. எல்லாரும் சிரித்தார்கள். பெர்னடெட் தன்னை மறந்து எல்லாரையும்விடக் கூடச் சிரித்தாள்.

மூன்றாவது சுவர் ஒரு ஒழுங்கைக்குள் இருந்தது. அது கடல். கரையில் நின்று பார்க்கிற கடல் இல்லை. விடியப்புறம், வள்ளத்தில் இருந்து கரையைப் பார்த்தால் எப்படி இருக்கும், அது. கீழே கறுத்த தண்ணீர், அதற்கு மேலே கோடுபோலப் பட்டினம், வெளிச்சவீடு, மாதா கோயில், அங்கங்கே குசினி வெளிச்சங்கள். பெர்னடெட் குடையை மடக்கினாள். தகப்பன் கண்டது இது. புருசன் கண்டது இது. அவளுடைய மக்கள் தினம் காண்கிறார்கள். கரையில் காத்துக்கொண்டு நின்ற பொம்பிளைகள் ஒருத்தருக்கும் ஒருநாளும் யாரும் காட்டாதது. அந்தக் குசினி வெளிச்சங்களில் ஒன்று தன்னுடையது என்று அவளுக்குப் பட்டது.

"உனக்கு உது எப்பிடிப் பிள்ளை தெரியும்?"

"ஒருநாள் வள்ளத்திலை போனனான் அன்ரி. அலைக்குப் போக வர சத்திதான். சத்தி எடுத்து எடுத்துக் கீறிக்கொண்டு வந்தது."

பெர்னடெட் அவளுடைய கையைப் பிடித்து, நகத்துக்குள் காய்ந்திருந்த நீலப் பெயின்ரைத் தடவினாள். "உன்ரை கைக்குப் பொன் வளையல் போடவேணும். எங்கடை ஊருக்கு இப்பிடி ஒரு வடிவு இருக்கெண்டு எனக்கே தெரியாது." கஜந்தினியின் முகம் மலர்ந்ததைக் கண்டதும் அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள். "எல்லாம் சரி. என்னை மட்டும் அழிச்சுவிடு."

கஜந்தினி தலையாட்டினாள்.

மீன்சந்தைத் திருப்பத்துக்கு வந்தபோது, சுவரடியில் ஒரு ஓட்டோ நின்றது. ஒருவர் படத்துக்கு நேரே, இவர்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றார். வெள்ளைச் சேட்டு, இடது தோள் பதிந்த நிற்பு. பெர்னடெட்டின் கால் அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தோளைச் சின்னவயதில் அவளே எத்தனை தரம் எண்ணெய் போட்டு உருவிவிட்டிருக்கிறாள்.

"நேற்றுத்தான் பேத்தி இதைப் போனிலை காட்டினவள்" என்று கிறகோரி சுவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு நாய்கூட எனக்குச் சொல்லேல்லை அக்கா. செத்தவீட்டுக்கும் வந்திடாதை எண்டு நீ சொன்னனீ. அதாலை வீட்டு வாசலுக்குப் போகேல்லை. இது றோட்டுச் சுவர். இதிலை ஒருத்தரும் என்னை மறிக்கேலாது."

கஜந்தினி ஓடிப்போய்ச் சொல்லப் பார்த்தாள். பெர்னடெட் அவளுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

அவர் மெழுகுதிரியை நிலத்தில் ஊன்றி நெருப்புக்குச்சியைத் தட்டினார். கடற்காற்று அணைத்தது. இன்னொன்று தட்டினார், அதுவும் போயிற்று. "இதுக்குமோ விடமாட்டாய்?" என்று படத்தைப் பார்த்துக் கேட்டார், கேட்டுவிட்டு அழுதார். பெர்னடெட் போய்ப் பக்கத்தில் குந்தி, இரண்டு கையையும் குவித்து மறைத்துப் பிடித்தாள். திரி பற்றியது. "பெரிய உபகாரம்" என்று நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார் கிறகோரி. பிறகு அந்தக் கையில் மீன் வெட்டிய தழும்புகளைக் கண்டார். கண்டவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"பேயைப் பாக்கிறமாதிரிப் பாக்காதை. எழும்பு" என்றாள் பெர்னடெட்.

கனடாக் குடும்பம் சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. கஜந்தினி மெல்லக் கிட்ட வந்தாள். "அன்ரி, அப்ப படம்?"

"கிடக்கட்டும் பிள்ளை. தொடாதை."

கிறகோரி எழும்பி, சேட்டுக் கையால் முகத்தைத் துடைத்தார். ஓட்டோவையும் பார்த்தார், அக்காவையும் பார்த்தார். "நான் எப்பிடியக்கா வீட்டை வாறது? நீ வராதை எண்டெல்லோ சொன்னனீ."

"என்ரை செத்தவீட்டுக்குத்தான் வராதை எண்டனான்" என்றாள் பெர்னடெட். "உயிரோடை இருக்கேக்கை வராதை எண்டு எப்பவடா சொன்னனான்?"