எழுதின பரீட்சையெல்லாம் பாஸ்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் கல்யாணத் தரகர் பாண்டுரங்கன் டீ குடிக்க எழுந்துபோனபோது அவர் நோட்டில் ஒரு வரியைப் பார்த்துவிட்டேன்: ‘தென்னரசு, ஒலக்கூர். மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுபவர். எழுதின சர்க்கார் பரீட்சை எல்லாவற்றிலும் பாஸ்.’ மற்றதெல்லாம் நான் போட்ட மசாலா.

2

திண்டிவனத்தில் மழை பிடித்துக்கொண்ட அந்த மாலையில் அருணா சன்னலோரம்…

(வேண்டாம். மழையில் ஆரம்பிக்கிற கதையில் கடைசியில் யாராவது செத்துப்போகிறார்கள்.)

அருணாவுக்கு வயது முப்பத்திரண்டு. திண்டிவனத்திலிருந்து தினமும் விழுப்புரம் போய்க் கல்லூரியில் தர்க்கப் பாடம் நடத்துகிறாள். தென்னரசோடு போனில் பேசியது மட்டும்தான். தர்க்கம் என்றால் என்ன என்று கேட்டுவிட்டு நாற்பது நிமிடம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். (இருபது நிமிடம்தான். எனக்கும் அவனைப் பிடித்துவிட்டது.) வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறான். புதன்கிழமை அவள் கேட்டாள்:

“எந்தப் பரீட்சைங்க எழுதினீங்க?”

“ஒண்ணுகூட எழுதலீங்க. எதுலயாவது பெயிலான்னு தரகர் கேட்டாரு. இல்லன்னேன். அப்ப எல்லாத்துலயும் பாஸுன்னு எழுதிக்கினு பூட்டாரு.”

3

(பாடம் பிடிக்காதவர்கள் நான்காம் பகுதிக்குத் தாவலாம். ஆனால் அங்கே அடி வாங்குவீர்கள்.)

‘மரக்காணத்து யானைகளெல்லாம் வெள்ளை’ என்று ஒருவர் சொன்னால், மரக்காணத்தில் ஒரு யானையாவது நிற்க வேண்டும் என்பது பழைய கிரேக்கத் தர்க்கம். நவீனக் குறியீட்டுத் தர்க்கத்துக்கு அந்தக் கவலை இல்லை. வெள்ளையாக இல்லாத மரக்காணத்து யானை ஒன்றைப் பிடித்து வா, அதுவரை வாக்கியம் மெய்தான் என்கிறது. மரக்காணத்தில் யானையே கிடையாது என்பதால், அதே மூச்சில் ‘எல்லாம் கறுப்பு’ என்றாலும் மெய்தான். இந்தக் கணக்கில், ஒன்றும் எழுதாத தென்னரசு எழுதின எல்லாவற்றிலும் பாஸ். எல்லாவற்றிலும் பெயிலும்கூட. இதை அருணா அவனிடம் சொல்லவில்லை.

4

ஏழு வருஷமாகக் கரும்பலகையில் மட்டும் இருந்த ஒன்று உயிரோடு வந்து நிற்கிறதே என்ற சந்தோஷத்தில், அதை அம்மா கிளியம்மாளிடம் சொல்லிவிட்டாள். தர்க்கம் படித்தவர்களால் மட்டுமே செய்ய முடிந்த தப்பு.

“மாப்பிள்ளைக்கு சர்க்கார் வேலை ஆர்டர் வரப்போவுதுன்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு கெடக்குறேன். எழுதாத பரீட்சையில இன்னாடி பாஸு? பொய்யி! வரவேணாம்னு சொல்லிடு.”

“பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாருக்கும் என்னைப் புடிச்சிருந்துச்சுன்னு தரகர்கிட்ட யாரும்மா சொன்னது?”

“நான்தான். அதுக்கின்னா?”

“யாரும்மா வந்தாங்க?”

“யாராச்சும் வேணாம்னு சொன்னாங்களா? ஒருத்தன் பேரைச் சொல்லு பாப்போம்!”

(இங்கே இருவரும் சிரித்ததாக ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. இதுவரை ஒருவரும் வரவில்லை என்பதை அந்த வீட்டில் முதல்முறையாக வாய்விட்டுச் சொல்லியிருந்தார்கள்.)

கிளியம்மாள் போனை எடுத்து மகள் கையில் கொடுத்தாள். “நீயே பேசிக்கோ.”

அருணா பேசினாள். “வீட்ல சொன்னது நிஜமில்லீங்க. யாருமே வந்ததில்ல. நீங்க வந்தா நீங்கதான் மொத ஆளு.”

“சரிங்க. நான் பரீட்சை எழுதாததை அம்மாகிட்ட நானே சொல்லிடுறேன்.”

5

வெள்ளிக்கிழமை வந்தான். சொன்னான். கிளியம்மாள் கேசரித் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

முடிவு அ: கேசரியில் உப்பு…

முடிவு ஆ: பத்து வருஷம் கழித்து…

(இரண்டும் மகா மட்டம். நான் நடத்திவைத்த கல்யாணங்களெல்லாம் அமோகம் என்று உங்களிடம் சொல்லலாம். ஒன்றும் நடத்தியதில்லை.)

இதுவரை ஆளில்லாத வாக்கியத்துக்குள் இப்போது ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குப் பிடித்திருக்கிறது என்றால், வந்தவர்கள் எல்லாருக்கும் பிடித்தது என்று கிளியம்மாள் சொன்னது பழசு, புதுசு இரண்டு தர்க்கத்திலும் மெய். இல்லையென்றால் இரண்டிலும் பொய். ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. அருணா அவனையே பார்க்கிறாள். அவன் வாயிலிருப்பதை விழுங்குகிறான்.

அவன் பதிலை நீங்கள் சொல்லுங்கள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லுங்கள்.